நெஞ்சு வலியோடு வந்த மேசன்: ஒரு முன்னாள் போராளியின் நிகழ்வு ஆய்வு

அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், வயது, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சேர், பேர மட்டும் போட்டுறாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து மேசன். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகள், எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் குடியிருக்கிறார். 2019 நடுப்பகுதியில் ஒரு மருத்துவ வார்டிலிருந்து எங்கள் உளநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். துண்டில் இருந்தது இவ்வளவுதான்: அடிக்கடி நெஞ்சுவலி, இதயத்தில் கோளாறு இல்லை, பார்த்து உதவவும். துண்டைக் கொடுத்த கையோடு அவர் சொன்ன முதல் வசனம், "எனக்கு விசர் இல்ல சேர், நெஞ்சுதான் சரியில்ல."

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஈசிஜி தாள்கள், எக்கோ அறிக்கை, இரத்தப் பரிசோதனைகள், தைரொயிட் அறிக்கை எல்லாம் ஆண்டு வாரியாக அடுக்கி ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தார். மிகப் பழைய ஈசிஜி கட்டாரில் எடுத்தது. போர் முடிந்த பிறகு அங்கே கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், சாரத்தில் நிற்கும்போது நெஞ்சு அடைத்து விழப் பார்த்திருக்கிறார், கம்பனி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகும் அதே கதைதான். ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போவார், ஈசிஜி எடுப்பார்கள், காஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுப்பார்கள். ஒரு தனியார் இடத்தில் பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாம் குளிசை எழுதிக் கொடுத்து, அது காலை, மதியம், இரவு என்று ஆகி, நிறுத்த முடியாமல் போயிருந்தது. அதற்கு மேல் பின்னேரங்களில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம்.

மனைவி சொன்னது வேறு கதை. "ராவைக்கு ரெண்டு மணிக்கெல்லாம் எழும்பி வளவச் சுத்துறார் சேர். கதவப் பாப்பார், வேலியப் பாப்பார், திரும்ப வந்து படுப்பார். இன்னும் சென்றிதான் (காவல்தான்) பாக்கிறார்." அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஒரு முறை தூக்கத்தில் மனைவியின் கழுத்தைப் பிடித்திருக்கிறார், அதற்குப் பிறகு மனைவியும் பிள்ளைகளும் தனி அறை. கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தும் நாட்களில் ஆள் வயல் பக்கம் போய்விடுவார். இதையெல்லாம் அதுவரை எந்த வைத்தியரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெஞ்சுவலி என்று போனவரிடம் வளவைச் சுற்றுகிறீர்களா என்று யார்தான் கேட்பார்கள்?

போராட்டக் கதையை அவர் சொல்ல மாதங்கள் ஆயின. 1995 அளவில், பதினேழு வயதில் இயக்கத்தில், அதாவது விடுதலைப் புலிகளில், சேர்க்கப்பட்டிருக்கிறார். இந்தச் செயப்பாட்டு வினை அவருடையது, நான் போட்டதல்ல. 1997 மே மாதம் இராணுவம் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையைத் திறக்க ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியபோது கிழக்கிலிருந்து பெரும் தொகையான பிள்ளைகள் வன்னிக்குக் கொண்டு போகப்பட்டார்கள், அதில் இவரும் ஒருவர். 2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகல் பக்கம் சண்டை நடந்து, கிழக்குப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னபோது இவரும் வந்துவிட்டார். இந்தத் தேதி முக்கியம். 2009இல் போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ் வெலிக்கந்தை, பூந்தோட்டம் போன்ற இடங்களில் வைக்கப்பட்டு, தொழிற்பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்டார்கள். அதில் உள ரீதியான உதவி எவ்வளவு இருந்தது என்பது வேறு விவாதம், ஆனால் அவர்களுக்குக் குறைந்தது ஒரு பதிவாவது இருக்கிறது. 2004இல் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. சான்றிதழ் இல்லை, ஓய்வூதியம் இல்லை, போராளியாக இருந்தேன் என்று சொல்வதால் வரக்கூடிய ஒரே விளைவு விசாரணை.

விசாரணைப் பயம் வெறும் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் கடைசியில் வவுணதீவில் காவலரணில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது சந்தேகம் முதலில் போய் விழுந்தது முன்னாள் போராளிகள் மேல்தான். கைதான முன்னாள் போராளி ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு விசாரணைகளில்தான் அது அந்தக் குண்டுகளை வைத்த சஹ்ரான் குழுவின் வேலை என்று வெளியில் வந்தது. இவர் அந்த மாதங்களில் சாப்பாடு, தூக்கம் எல்லாம் குழம்பி, நெஞ்சுவலியோடு இரண்டு தடவை வார்டில் படுத்திருக்கிறார். அப்புறம் ஏப்ரல் 21, அந்த உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நேரம் இவர் நகரத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் பூச்சு வேலையில் நின்றிருக்கிறார். சத்தம் கேட்டதும் சாரத்தின் பலகையில் குப்புறப் படுத்துவிட்டார். எனக்கு இதைச் சொல்லும்போது அவர் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "குண்டுதான் சேர், திருவிழா வெடின்னா சத்தம் வேற மாதிரி" என்றார், ஏதோ சீமெந்துக் கலவையின் அளவு சொல்வது போல. வலது கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. உதவிக்கு நின்ற பெடியன் அழுதிருக்கிறான், இவர் அவனை இறக்கிக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் நடந்தே கல்லடிப் பாலம் வரை போயிருக்கிறார். ஏன் வீட்டுக்கு எதிர்த்திசையில் போனார் என்று அவருக்கே தெரியாது. அன்றிரவு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, கடைசியில் நாங்கள்.

இந்த நெஞ்சுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதனால்தான் இந்த நிகழ்வை எழுத நினைத்தேன். போரால் மனம் பாதிக்கப்பட்டவர் என்றதும் நாம் எல்லோரும் கனவில் அலறுகிறவரைத்தான் நினைக்கிறோம், மருத்துவம் அவரை முதலில் கண்டது இதய நோயாளியாக. 1870இல் ஆர்தர் மயர்ஸ் என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர் சிப்பாய்களுக்கு இதயக் கோளாறு அதிகம் வருவதைக் கவனித்து, இறுக்கமான சீருடையும் முதுகுப்பையின் வார்களும்தான் காரணம் என்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஜேக்கப் மென்டெஸ் டா கோஸ்டா உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் 300க்கும் மேற்பட்டோரைப் பிலடெல்பியாவின் டேர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் பார்த்ததை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சு முட்டல், தலைச்சுற்று, தூக்கமின்மை. என் மேசனின் கிளினிக் கொப்பியை அவரிடம் கொடுத்தால் தன்னுடைய நோயாளி என்றே எடுத்துக்கொள்வார். காய்ச்சல், வயிற்றோட்டம், ஓயாத நடை இவற்றால் இதயம் எளிதில் எரிச்சலடையும் நிலைக்கு வந்துவிட்டது என்பது அவருடைய விளக்கம், மருந்து ஓய்வும் டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தும்.

முதலாம் உலகப் போரில் இது பெருகிப் போனது. ஹாம்ஸ்டெட்டிலும் பிறகு கொல்செஸ்டரிலும் இதற்கென்றே ஒரு இராணுவ இதய ஆஸ்பத்திரி வைத்தார்கள், இதய வைத்தியர் தோமஸ் லூயிஸ் அங்கே படுக்கையில் ஓய்வு கொடுப்பதை நிறுத்திவிட்டுப் படிப்படியாகக் கூடும் உடற்பயிற்சி கொடுத்தார். நல்ல முடிவு, என்னைக் கேட்டால் அந்தப் போரில் எடுத்த மிகச் சில நல்ல முடிவுகளில் ஒன்று. மறுபக்கம், பேச்சு நின்றவர்களும் கை கால் இழுத்தவர்களும் நரம்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். சார்ல்ஸ் மயர்ஸ் 1915இல் ஷெல் ஷொக் (ஷெல் அதிர்ச்சி) பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதியது எல்லோருக்கும் தெரியும். எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லொக்கார்ட் ஆஸ்பத்திரியில் வைத்தியர் ரிவர்ஸ் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார், லண்டனில் குயின் ஸ்குவெயர் நரம்பு ஆஸ்பத்திரியில் வைத்தியர் யீலண்ட் பேச முடியாத சிப்பாயின் தொண்டைக்கு மின்சாரம் கொடுத்தார். கோழை என்றும் தப்பியோடியவர் என்றும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரித்தானிய, கொமன்வெல்த் சிப்பாய்களுக்கு மன்னிப்புக் கிடைக்க 2006 வரை ஆனது. அவர்களில் எத்தனை பேரின் நெஞ்சு படபடத்தது என்று ஈசிஜி எடுத்துப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் மில் ஹில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனின் வடக்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தை எடுத்து மோட்ஸ்லி மனநல ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியை அங்கே மாற்றினார்கள், அதில் நெஞ்சுக்காரச் சிப்பாய்களுக்கு மட்டும் 100 கட்டில்கள். இதய வைத்தியர் போல் வுட் அவர்களைச் சோதித்து, இதில் இதயத்துக்கு நோய் இல்லை, பயம்தான் உடம்பில் வேலை செய்கிறது என்று 1941இல் தெளிவாக எழுதினார். சரி, அதைச் சிப்பாயிடம் எப்படிச் சொல்வது? உனக்கு ஒன்றுமில்லை என்றால் கோபம்தான் வரும். மனநல வைத்தியர் மாக்ஸ்வெல் ஜோன்ஸ் நோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்து இதயம், நரம்பு, மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பு எடுத்தார். கொஞ்ச நாளில் பழைய நோயாளிகள் புதியவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்கள், வைத்தியர் சொல்வதைவிட அது நன்றாக ஏறியது. நோயாளிகளே ஒருவருக்கொருவர் உதவும், இன்று சிகிச்சைச் சமூகம் என்று நாம் சொல்வதன் வேர்களில் ஒன்று அந்த நூறு கட்டில்கள்தான். அதே போரில்தான், 1942 ஏப்ரல் 9, ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. உயிர் தப்பியவர்களை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிப் போனது. எங்கள் கடலில் தத்தளித்த மாலுமிக்குத் திரும்பிப் போக அப்படியொரு வார்ட் நாட்டில் இருந்தது என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும், கொஞ்சம் பொறாமையோடுதான்.

ஆகவே இவருக்கு முதலில் மனதைப் பற்றிப் பேசவில்லை. ஈசிஜி கட்டை மேசையில் விரித்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்த்தோம். பிறகு கதிரையில் இருத்தி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொன்னேன், நானும் கூடவே விட்டேன் (இதய நோய், வலிப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம்). ஒன்றரை நிமிடம் இருக்கும். விரல் நுனி விறைத்தது, வாயைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, நெஞ்சு இறுகியது. "இதுதான் சேர்! இதேதான்!" என்று எழும்பி நின்றுவிட்டார். பத்து வருடமாக யாரும் நம்பாத வருத்தத்தை ஒரு வைத்தியர் வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டியது அவருக்குப் பெரிய விஷயம். அதற்குப் பிறகுதான் மூச்சை மெதுவாக்கினால் அது எப்படி அடங்குகிறது என்று காட்டினேன். லூயிஸின் வழியில் ஆஸ்பத்திரி மாடிப்படியையும் பயன்படுத்தினோம்: ஏறு, நாடியைப் பார், இறங்கு, திரும்ப ஏறு. நெஞ்சு அடித்தாலும் ஆள் விழவில்லை என்பதை அவரே கண்ணால் கண்டார்.

மருந்து: டயசிபாமைச் சட்டென்று நிறுத்தவில்லை, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தோம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஃபுளுவொக்சிட்டினை 20 மில்லிகிராமில் தொடங்கி 40க்குப் போனோம். அமெரிக்காவில் இவருக்கு இருந்த போர் அதிர்ச்சி நோய்க்கென்று (ஆங்கிலத்தில் PTSD) அனுமதிக்கப்பட்டவை செர்ட்ரலின் (1999), பரொக்சிட்டின் (2001), ஆனால் நம் மருந்தகத்தில் எப்போதும் இருப்பதைத்தானே எழுத முடியும். கனவுக்கு இரவில் பிராசோசின். 2018இல் 304 முன்னாள் படையினரிடம் செய்த பெரிய ஆய்வில் பிராசோசின் வெற்றுக் குளிசையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை, அது தெரிந்தேதான் கொடுத்தேன், சிலருக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்திருப்பதால். இவருக்கு உதவியது. முதல் இரவு கட்டிலில் இருந்து சட்டென்று எழும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். அதையும் மீறி எழும்பி வளவுக்குப் போய் மயங்கி விழுந்தார் என்பது தனிக்கதை.

பேச்சுச் சிகிச்சைக்கு எடுத்தது கதைசொல்லும் முறை. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷவர், நொய்னர், எல்பர்ட் ஆகியோர் உருவாக்கியது, சுனாமிக்குப் பிறகு நம் வடகிழக்குப் பிள்ளைகளிடமும் பரிசோதிக்கப்பட்டது. நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, பிறப்பிலிருந்து இன்று வரை நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைக்கச் சொல்வது. பிறகு ஒவ்வொரு கல்லையும் எடுத்து, நேர வரிசையில், உடம்பில் அப்போது என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பேசுவது. வலைக்குப் பயன்படுத்தும் நைலோன் கயிறு ஒன்றைத்தான் போட்டோம். அவர் பெரிய கல்லை எடுத்ததும் ஜெயசிக்குறுவுக்கு வைப்பார் என்று பார்த்தால், 2004 ஏப்ரலில் வைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது தாய் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார், ஊர்ச் சனம் கூடியிருக்கிறது. அந்தச் சனத்துக்குள் இவரோடு வன்னிக்குப் போன ஒரு பெடியனின் தாய் நின்று, "மனே, என்ட புள்ள எங்க?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கிறார். தெரியும், பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். அந்தத் தாய் இப்போதும் அதே ஊரில் இருக்கிறார், கோயிலில் காண்கிறார்கள். நெஞ்சு அடைப்பது பெரும்பாலும் எங்கே, எந்த நாளில் என்று கொப்பியில் குறித்துப் பார்த்தபோது வெடிச் சத்தத்தைவிடக் கோயில் வீதிதான் அதிகம் வந்தது.

இந்த முறையில் கடைசியில் முழுக்கதையையும் எழுதி நோயாளியின் கையில் கொடுப்பது வழக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நடைமுறையில் இருக்கும் நாட்டில் அதை எப்படிச் செய்வது? அவரிடமே கேட்டோம். வாசிக்க வேண்டும் என்றார், வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றார். உளவளத்துணை மிஸ் முழுவதையும் வாசித்துக் காட்டினார், அவர் இரண்டு இடங்களில் திருத்தினார், பிறகு அவர் முன்னாலேயே தாள்களைக் கிழித்து எரித்தோம். எங்கள் கோப்பில் இருப்பது அறிகுறியும் மருந்தும் மட்டும். கயிற்றை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், ஆட்டுக்குட்டி கட்ட.

அம்பாறையில் வேலை செய்த காலத்தில் உகன பக்கத்து ஓய்வுபெற்ற சிங்களச் சிப்பாய் ஒருவர் இதே மாதிரிப் பையோடு வந்தது ஞாபகம் வருகிறது. அவருக்கு ஓய்வூதியம் இருந்தது, இராணுவ ஆஸ்பத்திரி இருந்தது, கால் போன நண்பர்களுக்கு ராகமையில் ரணவிரு செவன என்ற படையினர் புனர்வாழ்வு நிலையம் இருந்தது. ஆனாலும் மனநலப் பக்கம் போனால் கோப்பில் ஏறிவிடும் என்று சிவில் ஓபிடிக்கு வந்திருந்தார். போர் முடிந்து மூன்று ஆண்டுகளில் இலங்கைக் கடற்படையில் செய்த ஆய்வில் போர் அதிர்ச்சி நோய் ஏறக்குறைய 2 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. சேவையில் இருப்பவர்கள், கூட்டாளிகள் பக்கத்தில் இருப்பவர்கள், அதனால் அந்தக் குறைவு எனக்கு ஆச்சரியமில்லை. வீட்டுக்குப் போய்த் தனியாக இருப்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் அரச ஆஸ்பத்திரியை நம்பாமல் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கிய பிறகுதான் 1979இல் அமெரிக்க அரசு ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெருக்களில், முன்னாள் படையினரையே வேலைக்கு வைத்து நிலையங்கள் திறந்தது. அடுத்த ஆண்டு நோய்ப் பட்டியலில் இந்த நோய்க்கு இடம் கிடைத்தது. நம் ஆட்கள் அப்படிக் கூடினால் இயக்கத்தை மீள உருவாக்குகிறார்கள் என்பார்கள். எனவே நாங்கள் மில் ஹில்லைக் கொஞ்சம் களவாக எடுத்துக்கொண்டோம்: நெஞ்சுப் படபடப்பு உள்ளவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு, யார் வேண்டுமானாலும் வரலாம், யாரும் எங்கே இருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. சுனாமியில் பிள்ளையை இழந்த அம்மாவும் வருவார், காத்தான்குடிக் கடை முதலாளியும் வருவார். மூச்சு விடும் பயிற்சியை இப்போது மேசன்தான் காட்டிக் கொடுக்கிறார், என்னைவிட நன்றாகவே.

2022 எல்லாவற்றையும் குழப்பியது. மருந்து தட்டுப்பாட்டில் ஃபுளுவொக்சிட்டின் இரண்டு வாரத்துக்குத்தான் கொடுக்க முடிந்தது, அவர் ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பெற்றோல் வரிசையில் துவக்கோடு இராணுவம். மோட்டார் சைக்கிளை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார், மச்சான் போய் எடுத்து வந்தார். பழைய நிலைக்குப் போய்விட்டது என்று மனைவி அழுதார். போகவில்லை, ஓபிடிக்கு ஓடாமல் நேரே எங்களிடம் வந்தார், ஈசிஜி கேட்கவில்லை, மருந்து வந்ததும் சில வாரங்களில் தூக்கம் திரும்பியது.

இப்போதைய நிலை இது. நெஞ்சுவலிக்கு வார்டில் படுத்து நீண்ட நாளாகிறது. டயசிபாம் இல்லை. பிராசோசின் குறைந்த அளவில் போகிறது, அடுத்த கிளினிக்கில் நிறுத்திப் பார்க்கும் எண்ணம். கசிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை, வேலைக்காசு கைக்கு வரும் சனிக்கிழமைகளில் இன்னும் சிக்கல். அந்தத் தாயிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. நாங்களும் தள்ளவில்லை, ஏனென்றால் அந்தத் தாய்க்கு அது என்ன செய்யும் என்பதும் எங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அவருக்கென்று தனியாக ஒருவர் துணைக்கு இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. மனைவியின் தூக்கத்தைப் பற்றி நாங்கள் கேட்டதே மிகவும் பிந்தித்தான், அவருக்கும் இப்போது தனிக் கொப்பி போட்டிருக்கிறோம்.